ரிட்டர்ன் பைப் எதற்கு?

கம்பெனிக்காரன் முட்டாள் என்று மனப்பூர்வமாக நம்புகிற ஒருவர் உங்கள் தெருவில் இருப்பார். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். எல்லாக் கம்பெனியும்தான். மின்விசிறி செய்கிறவன், குக்கர் செய்கிறவன், குடைக்குக் கம்பி வைக்கிறவன், சைக்கிளுக்கு மணி வைக்கிறவன் எல்லோரும் வருஷக்கணக்காகப் படித்து, வரைபடம் போட்டு, நாலு தடவை சோதித்துப் பார்த்து ஒரு சாமானைக் கடைக்கு அனுப்புவார்கள். இவர் அதை வாங்கி வந்து, அட்டைப் பெட்டியைப் பிரித்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணைச் சுருக்கி ஒரே ஒரு பார்வை பார்ப்பார். "இத்த எதுக்கு வச்சிருக்கான்?" என்பார். தீர்ந்தது கதை. பொழுது சாய்வதற்குள் அந்த உறுப்பு அந்தச் சாமானில் இருக்காது.

இந்த இனத்துக்கு ஆல்ட்ரேஷன் ஆசாமி என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா செருகுகிற இடத்தில் இவர் டெஸ்டர் செருகியிருப்பார். வீட்டுப் பரணில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கும். அதில் திருகாணிகள், ஸ்பிரிங்குகள், வாஷர்கள், பெயர் தெரியாத சின்னச் சின்ன தகடுகள். இவையெல்லாம் என்ன? இவர் கழற்றி மறுபடி மாட்டியபோது மிச்சம் விழுந்தவை. உங்களுக்கோ எனக்கோ நாலு திருகாணி மிச்சம் விழுந்தால் மறுபடி கழற்றிப் பார்ப்போம். இவருக்கு அது வெற்றி. டின்னை எடுத்துக் குலுக்கிக் காட்டுவார். "பாத்தியா, இது ஒண்ணும் இல்லாமலே ஓடுது!"

எல்லாத் தெருவுக்கும் ஒருவர் என்றால், கரையான்சாவடியில் எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் கஜபதி. என் பக்கத்து வீடு. நடுவில் ஒரு சுவர்தான். இருவரும் ஆவடியில் ஒரே பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. நான் அலுவலகத்தில் கடிதங்களைக் கோப்பில் செருகுகிறவன். கஜபதிக்கு ஸ்டோர்ஸ் பிரிவு. அதாவது தொழிலாளிகளுக்குக் கையுறை, சோப்பு, எண்ணெய் துடைக்கிற பஞ்சு ஆகியவற்றை எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது. இது தொழிற்சாலைக்குள். வெளியே வந்து, நாயர் கடையில் டீ கிளாஸைக் கையில் பிடித்துவிட்டால் பேச்சே வேறு. "நாங்க பீரங்கி வண்டியே செய்றவங்க நைனா. இந்த மிக்சி எம்மாத்திரம், குடு இப்டி."

அவர் வீட்டு நிலவரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குக்கர் வெயிட் இலேசாக இருக்கிறது என்று அதன் தலையில் ஒரு இரும்பு நட்டைக் கட்டினார்; அன்றைய பருப்பு இன்றும் கூரையில் இருக்கிறது. மின்விசிறிக்கு ரெகுலேட்டர் தண்டம் என்று எடுத்துவிட்டு டைரக்டாகக் கொடுத்தார்; அது முதல் அந்த வீட்டில் பேப்பர் படிப்பவர்கள் பேப்பரின் மேல் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். மாடியில் தண்ணீர்த் தொட்டி கட்டினபோது, தொட்டி நிறைந்தால் வழிவதற்கென்று கொத்தனார் ஒரு குழாய் வைத்திருந்தார். கஜபதி பார்த்தார். "ஏத்துன தண்ணி இன்னாத்துக்கு வெளிய போவணும்?" ஒரு மரக்கட்டையைச் செதுக்கி அடித்து அடைத்துவிட்டார். மூன்றாம் நாள் தொட்டியின் மூடி பெயர்ந்து, தண்ணீர் சுவர் வழியாக இறங்கி, என் சமையலறையில் அரிசி டிரம்மில் வந்து விழுந்தது. யார் அரிசி? என் அரிசி!

அவர் மனைவி கஸ்தூரி பொறுமைசாலி. ஒரு நாள் சுவருக்கு மேலே தலையை நீட்டி என் மனைவியிடம் சொன்னாள். "கம்பெனில செஞ்ச மாரியே கீறது இந்த ஊட்ல நான் ஒருத்திதான்க்கா. அதுவும் இன்னும் எத்தினி நாளைக்கோ."

இப்படிப்பட்டவருடைய கண்ணில் வேம்புலியின் வண்டி பட்டது.

வேம்புலி திருவேற்காட்டுக்காரன். அவன் அப்பா அந்தப் பக்கத்து வயல்களில் நாற்று நட்டவர். வயல்கள் மனைகளாகிவிட, மகன் எட்டு வருஷம் மூன்று சக்கர வண்டியை மிதித்துத் தெருத் தெருவாகக் காய்கறி விற்றான். முட்டி தேய்ந்ததுதான் கண்ட பலன். தொண்ணூற்றேழாம் வருஷம் அவனுக்கு ஒரு கதவு திறந்தது. எங்கள் தொழிற்சாலைக் கேன்டீனுக்குத் தினமும் காய்கறி போடும் வேலை. மூவாயிரம் பேருக்குச் சாம்பார் என்றால் சும்மாவா? ஆனால் ஒரு நிபந்தனை. ஏழு நாள் சோதனை. ஏழு நாளும் காலை ஆறரை மணிக்குள் சரக்கு கேன்டீன் வாசலில் இறங்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் வேலை வேறு ஆளுக்கு. வேம்புலி இதற்காகவே ஏலத்தில் ஒரு பிக்கப் வண்டி எடுத்தான். யாரோ வெளிநாட்டு இன்ஜினியர்கள் கொண்டுவந்து, ஊருக்குப் போகும்போது விட்டுப்போன ஜப்பான் வண்டி. பெட்ரோலில் ஓடுவது. மாப்பிள்ளை மாதிரி இருந்தது பார்ப்பதற்கு.

மாப்பிள்ளைக்கு ஒரு குறை. பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கிற கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோலை நேராக இன்ஜினுக்குள் பீச்சியடிக்கும் இன்ஜெக்‌ஷன் வண்டி அது. எப்போது, எவ்வளவு பீச்ச வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதற்கு சீட்டுக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. ஏல மைதானத்தில் ஒரு மழைக்காலம் முழுக்க நின்றதில் அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் போய்விட்டது. கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் ஜம்புலிங்கம் அதைத் திறந்து பார்த்தார். உள்ளே இருந்து ஒரு தவளை குதித்தது.

"பொட்டி செத்துப்பூச்சு வேம்புலி" என்றார் ஜம்புலிங்கம். "வேற பொட்டி ஜப்பான்லேந்துதான் வரணும். நீ இன்னா, கப்பலுக்குச் சொல்லி அனுப்பப் போறியா? உடு. கார்புரேட்டர் மாட்டி ஓட்டிடலாம்."

ஜம்புலிங்கம் வேலை நேரத்தில் பேசாத மனிதர். பழைய கார் ஒன்றின் கார்புரேட்டரை எடுத்து, அதற்குத் தோதாக ஒரு இரும்புத் தகட்டைக் கடைந்து, இன்ஜின் தலையில் உட்கார வைத்தார். பத்து நாள் வேலை. வண்டி உயிர் பெற்றது. அன்று மாலை நானும் கஜபதியும் ஷெட்டில் நின்றிருந்தோம். ஜம்புலிங்கம் பெட்ரோல் போகிற வழியை வேம்புலிக்கு விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

"டாங்குக்குள்ள கீற பம்ப்பு அந்த ஜப்பான் பம்ப்புதான். இன்ஜெக்‌ஷனுக்குன்னு வச்சது, பயங்கர வேகமாத் தள்ளும். கார்புரேட்டரு பச்சப்புள்ள மாரி. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடிக்கும். அதான் நடுவுல ரெகுலேட்டரு போட்டுகீறேன். வேண்டியது கார்புரேட்டருக்குப் போவும். மிச்சம் இந்த ரிட்டன் பைப்பு வழியா டாங்குக்கே திரும்பிப் பூடும். பம்ப்பையே மாத்தணும்னா டாங்க எறக்கணும், ஒரு வாரம் ஆவும். உன் ஏழு நாளு முடியட்டும், அப்பால மாத்தித் தரேன். அதுவரைக்கும் எத வேணா தொடு. இந்த ரிட்டன் பைப்ப மட்டும் எவனும் தொடக்கூடாது."

எவனும் தொடக்கூடாது! ஆல்ட்ரேஷன் ஆசாமி காதில் விழக்கூடிய வார்த்தையா இது? கஜபதியைத் திரும்பிப் பார்த்தேன். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கண் சுருங்கியிருந்தது.

ஆறு நாள் வண்டி ஓடியது. ஆறு நாளும் ஆறு இருபதுக்கெல்லாம் கேன்டீன் வாசல். கேன்டீன் சூப்பர்வைசர் இராமகிருஷ்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டார். வேம்புலிக்கு இருந்த ஒரே குறை மைலேஜ். லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் கொடுத்தது. அந்தக் குறையை அவன் யாரிடம் சொல்லியிருக்க வேண்டும்? ஜம்புலிங்கத்திடம். ஜம்புலிங்கம் அந்த ஆறாம் நாள் திருவள்ளூரில் தங்கை குழந்தைக்குக் காது குத்துகிறார்கள் என்று ஷெட்டைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். எனவே நாயர் கடையில் கஜபதியிடம் சொன்னான்.

"ஏழா?" என்றார் கஜபதி. டீ கிளாஸைக் கீழே வைத்தார். "வா, காட்டறேன் உனக்கு. நீயும் வா சாரே" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போய் வண்டியின் முன் மூடியைத் தூக்கினார். நேராக அந்த ரிட்டர்ன் பைப்பின் மேல் டெஸ்டரை வைத்தார்.

"இத்த எதுக்கு வச்சிருக்கான்?"

"அத்தத் தொடக்கூடாதுன்னு ஜம்பு அண்ணன்..."

"நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. போன பெட்ரோலு இன்னாத்துக்குத் திரும்பி வருது? போன எடத்துல அதுக்கு இன்னா கொறச்சல்?" என்றார் கஜபதி. வேம்புலி குனிந்து பைப்பைப் பார்த்தான். "உன் மைலேஜு இங்கதான் பூடுது மாமே. இன்ஜினுக்குப் போவ வேண்டியது பாதி வழில ஊட்டுக்குத் திரும்பிகினு கீது. நாங்க ஸ்டோர்ஸ்ல ஒரு தபா குடுத்த சோப்பத் திரும்ப வாங்குவோமா? வாங்க மாட்டோம். குடுத்தா குடுத்ததுதான்."

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? என் அரிசி டிரம்மை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டிக் குழாயை அடைத்த அதே கை, அதே வியாக்கியானம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னேனா? இல்லை. ஏன் என்று கேட்டால், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சோப்பு உதாரணம் எனக்குச் சரியாகத்தான் பட்டது.

"நாளைக்குக் கடைசி நாளு அண்ணாத்தே" என்று இழுத்தான் வேம்புலி. "அது முடிஞ்சப்பால பாத்துக்கலாமே."

"கடைசி நாளுன்றதாலதான் சொல்றேன். சூப்பர்வைசரு முன்னாடி வண்டி சும்மா கணீர்னு வந்து நிக்க வோணாமா? பன்னெண்டு குடுக்கும். நான் கேரண்டி. சாரே, அந்தக் கட்டிங் பிளேயர எடு."

எடுத்துக் கொடுத்தேன். கொடுத்தது நான்தான். ரப்பர் பைப்பில் ஒரு சாண் நீளத்தை வெட்டி எடுத்தார். ரெகுலேட்டர் பக்கமிருந்த முனையில் ஒரு தடித்த போல்ட்டைச் செருகி, இரண்டு கிளிப் போட்டு, முகம் சிவக்க முறுக்கினார். வெட்டின துண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இப்ப ஓட்டிப் பாரு" என்றார்.

வேம்புலி சாவியைத் திருகினான். அப்பா, என்ன சத்தம்! வண்டி உறுமிய உறுமலில் எதிர்ப்பக்கத்துச் சலூனில் சவரம் பாதியில் நின்றது. பின்னாலிருந்து புகை, அடுப்புக்கரி நிறத்தில்.

"புகை கருப்பா வருதே அண்ணாத்தே?"

"இத்தினி நாளா உள்ள கீற அழுக்கெல்லாம் வெளிய வருது."

"பெட்ரோல் நாத்தம் அடிக்குதே?"

"பெட்ரோல் வண்டில பின்ன இன்னா, மல்லிப்பூ வாசனையா வரும்? சொம்மா பேஜார் பண்ணாத. நாளைக்கு நானே கூட வந்து உக்காந்துக்கறேன்."

மறுநாள் காலை. நான் வழக்கம்போல ஐந்தரைக்கே சைக்கிளில் கிளம்பிவிட்டேன். முதல் ஷிப்ட் போகிற எல்லோருக்கும் அந்தப் பூந்தமல்லி - ஆவடி சாலைதான். ஒருவர் பின் ஒருவராகச் சைக்கிள்கள், டிபன் கேரியர்கள் கிணுகிணுக்க. பருத்திப்பட்டு ஏரிக்கரை வருவதற்கு முன்னால் வேம்புலியின் வண்டி என்னைத் தாண்டிப் போனது. முன் சீட்டில் கஜபதி, நெற்றியில் விபூதி, ஜன்னலில் முழங்கை. எனக்குக் கை காட்டினார். அடுத்த நொடி எனக்குக் கையும் தெரியவில்லை, சாலையும் தெரியவில்லை. புகை கலைந்தபோது என் வெள்ளைச் சட்டை சாம்பல் சட்டையாகியிருந்தது.

வேகமாக ஓடுகிற வரைக்கும் அந்த வண்டி, ஊற்றுகிற பெட்ரோலையெல்லாம் எப்படியோ குடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிவிட்டது. நிறுத்தியிருக்கக் கூடாது. ஆனால் ஏரிக்கரையில் ஒரு எருமைக் கூட்டம் சாலையைக் கடந்தது. எருமைகளுக்கு ஆறரை மணி நிபந்தனை கிடையாது. வேம்புலி பிரேக் போட்டான். வண்டி இரண்டு தடவை குலுங்கியது, ஒரு தடவை விக்கியது, நின்றுவிட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது முன் மூடி திறந்திருந்தது. கார்புரேட்டர் நாலா பக்கமும் பெட்ரோலைக் கக்கிக்கொண்டிருந்தது. இன்ஜின் மேலெல்லாம் வழிந்து தரையில் சொட்டியது. வேம்புலி சாவியைத் திருகத் திருக, உள்ளே பம்ப் உற்சாகமாக இன்னும் தள்ளியது. "அடி, அடி, புடிச்சுக்கும்!" என்று கஜபதி ஊக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். எருமைக்காரர் என்ன விஷயம் என்று பார்க்க வந்தார். வாயில் பீடி.

"யோவ் பெரியவரே! பீடியக் கடாசு!" என்று வேம்புலி போட்ட கூச்சலில் பீடி ஏரிக்குள் போய் விழுந்தது, பின்னாலேயே ஒரு எருமையும் இறங்கியது.

மணி ஆறு நாலு. நான் மெல்லச் சொன்னேன். "கஜபதி, அந்த பைப்பைத் திரும்ப மாட்டிவிட்டால் என்ன?"

கஜபதி முதன்முறையாகத் தரையைப் பார்த்தார். "மாட்டலாம். துண்டு வேணுமே."

"எங்கே துண்டு?"

"ஊட்ல. டப்பாக்குள்ள."

பிஸ்கட் டின்! ஐந்து கிலோமீட்டர் பின்னால், கஸ்தூரியின் பரண்மேல்.

இதற்குள் சைக்கிள்காரர்கள் கூடிவிட்டார்கள். ஷிப்டுக்குப் போகிற ஐம்பது அறுபது பேர். அத்தனை பேரும் தொழிற்சாலைக்காரர்கள் அல்லவா, ஆளுக்கொரு யோசனை. "ஃபில்டரக் கழட்டி வீசு." "ஏர் கிளீனர் எதுக்கு? எட்த்துடு." "பேட்டரிய டைரக்டாக் குடுத்துப் பாரேன்." ஐந்தே நிமிஷத்தில் அந்த ஏரிக்கரையில் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் கஜபதிகள்தான். அசல் கஜபதிக்கே உள்ளே நுழைய இடமில்லை.

வேம்புலி யார் சொன்னதையும் கேட்கவில்லை. சாலை ஓரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். "ஆறு நாளு ஓடிச்சு. இன்னிக்கு ஒரு நாளு. ஒரே ஒரு நாளு அண்ணாத்தே" என்றான். அழுதுவிட்டான். நாற்பது வயது ஆள், காய்கறி ஏற்றின வண்டிக்குப் பக்கத்தில், தோள் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு. எனக்கு அந்தக் கட்டிங் பிளேயர் ஞாபகம் வந்தது. ஏரியில் விழுந்துவிடலாம் போலிருந்தது.

பிறகு எழுந்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டான். வண்டியிலிருந்து இருக்கிறதிலேயே பெரிய பூசணிக்காயைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆவடிப் பக்கமாக நடக்க ஆரம்பித்தான்.

யோசனை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எங்க நைனா போற?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"கேன்டீனுக்கு. வந்த வரைக்கும் வரட்டும்."

"ஒரு காயோடயா? லூசா நீ? குடு இப்டி, என் கேரியர்ல வை."

அவ்வளவுதான். அடுத்தவர் வெங்காய மூட்டை கேட்டார். அதற்கடுத்தவர் முருங்கைக்காய்க் கட்டை ஹேண்டில்பாரில் குறுக்கே வைத்துக்கொண்டார். அவருக்கு இரண்டு பக்கமும் யாரும் போக முடியாமல் ஆனது. கத்தரிக்காய், வெண்டைக்காய், வாழைத்தண்டு, கீரைக்கட்டு எல்லாம் கேரியரிலும் பையிலும் கழுத்திலும் ஏறின. டிபன் கேரியரைத் திறந்து, இருந்த இட்லியை அங்கேயே வாயில் போட்டுக்கொண்டு, காலியான அடுக்குகளில் பச்சைமிளகாயை நிரப்பினார் ஒரு தியாகி. வண்டிக்கு எருமைக்காரரைக் காவல் வைத்தோம், பீடி பிடிப்பதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. வேம்புலி யாருடைய சைக்கிள் பாரிலோ தொற்றிக்கொண்டான். கஜபதி? என் பின்னால்தான். மடியில் ஒரு பூசணி. மூன்று கிலோமீட்டர் அவரையும் பூசணியையும் சேர்த்து மிதித்தேன். என் பாவத்துக்கு அது சரியான தண்டனை என்று நினைத்துக்கொண்டேன். பாதி வழியில் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சாரே, இந்தச் செயின் கவரு இத்த எதுக்கு வச்சிருக்கான்?"

அவர் இறங்கிப் பார்த்துவிடுவதற்குள் நான் இன்னும் வேகமாக மிதித்தேன்.

ஆறு இருபத்தேழுக்குக் கேன்டீன் வாசலில் அறுபத்தொரு சைக்கிள்கள் நின்றன. வாசல் காவலாளி, காய்கறிக்காரர்கள் ஊர்வலமோ என்று பயந்து விசிலை வாயில் வைத்தார். இராமகிருஷ்ணன் வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரக்கு வந்திருக்கு. வண்டி எங்கேய்யா?"

"வண்டி வழில நின்னுபூச்சு சார்" என்றான் வேம்புலி. "சரக்கு பூரா கீது சார். எண்ணிக்கங்க."

"சரக்கு சரி. வண்டி நம்பர்னு நோட்டுல ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன எழுதறது? காலியா விட்டா ஆடிட்காரன் என்னைக் கேப்பான்."

வேம்புலியின் முகம் செத்துவிட்டது. நாங்கள் அறுபத்தொரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்போது வெங்காயம் கொண்டுவந்தவர் தன் சைக்கிளைத் திருப்பி, மட்கார்டில் அடித்திருந்த பித்தளை வில்லையைக் காட்டினார். தொழிற்சாலை சைக்கிள் ஸ்டாண்டில் ஒவ்வொரு சைக்கிளுக்கும் கொடுத்த நம்பர். "இதுவும் நம்பர்தானே சார்?"

இராமகிருஷ்ணன் குனிந்து வில்லையைப் படித்தார். கண்டிப்பான மனிதர், நோட்டில் கட்டம் நிரம்பினால் போதும் என்கிற வகையில் கண்டிப்பு. பேனாவைத் திறந்தார். ஒரு நம்பர், இரண்டு நம்பர் என்று எழுத ஆரம்பித்து, கட்டம் போதாமல் அடுத்த பக்கம் போய், அதற்கடுத்த பக்கமும் போய், அறுபத்தொன்றையும் எழுதி முடித்தார். விரல்களை உதறிக்கொண்டார்.

"ஏழு நாளும் ஆறரைக்குள்ள. சரி. நாளையிலிருந்து நீதான். ஆனா தயவு பண்ணி வண்டியில கொண்டாய்யா, என் கை போச்சு."

கத்தரிக்காய்க் கூடை கையில் இருந்ததால் அவர் காலில் விழ முடியாமல், வேம்புலி கூடையோடு ஒரு தினுசாகக் குனிந்து எழுந்தான்.

அன்று மாலை ஜம்புலிங்கம் திருவள்ளூரிலிருந்து வந்தார். வண்டியைக் கயிறு கட்டி ஷெட்டுக்கு இழுத்து வந்திருந்தோம். மூடியைத் தூக்கினார். போல்ட்டைப் பார்த்தார். "ஆரு கை வச்சது?" என்றார். வேம்புலி கஜபதியைப் பார்த்தான். கஜபதி என்னைப் பார்த்தார். நான் எதிர்ப்பக்கத்துச் சலூனைப் பார்த்தேன்.

"கத்தாத மாமே" என்றார் கஜபதி, ஜம்புலிங்கம் இன்னும் கத்தவே ஆரம்பிக்காதபோது. "நீ ஒண்ணு கவனிச்சியா? பருத்திப்பட்டுலேந்து கேன்டீன் வரைக்கும் மூணு கிலோமீட்டரு. சரக்கு கரெக்டாப் போய்ச் சேந்துச்சு. பெட்ரோலு ஒரு சொட்டு செலவாச்சா? சொல்லு. இப்ப இன்னா மைலேஜு?"

ஜம்புலிங்கம் போல்ட்டைப் பிடுங்கி எறிந்தார். புது ரப்பர் பைப் போட்டு முறுக்கினார். ஆனால் முறுக்கி முடித்ததும் வேம்புலியை அனுப்பி வீட்டிலிருந்து மஞ்சளும் குங்குமமும் வாங்கிவரச் சொன்னார். ரிட்டர்ன் பைப்புக்கு மஞ்சள் கயிறு கட்டி, ரெகுலேட்டரில் மூன்று பொட்டு வைத்து, கற்பூரம் மட்டும் காட்டாமல் கும்பிட்டார்.

"இப்ப தொடு பாக்கலாம்" என்றார்.

கஜபதியின் கை பாதி வழியில் நின்றது. டெஸ்டரைப் பையில் செருகிக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சே சே, சாமி விசயத்துல நான் கை வைக்க மாட்டேன் நைனா."

நான் இதை வீட்டில் சொன்னேன். என் மனைவி சுவருக்கு மேலே சொன்னாள். அன்றைக்கே கஸ்தூரி கிண்ணம் நிறைய மஞ்சள் குழைத்தாள். குக்கருக்குப் பொட்டு. புதிதாக வாங்கி மாட்டின மின்விசிறி ரெகுலேட்டருக்குப் பொட்டு. மிக்சி, இஸ்திரிப் பெட்டி, சுவர்க் கடிகாரம் எல்லாவற்றுக்கும் பொட்டு. மரக்கட்டையைப் பிடுங்கிவிட்டு மாடித் தொட்டிக் குழாய்க்கு மஞ்சள் கயிறே கட்டினாள். கடைசியாகக் கண்ணாடி முன்னால் நின்று தன் நெற்றியிலும் ஒன்று, வழக்கத்தைவிடப் பெரிதாக. அந்த வீடு இப்போது கோவில் மாதிரி இருக்கிறது. கஜபதி கையைக் கட்டிக்கொண்டு நடமாடுகிறார். பிஸ்கட் டின்னில் வரவு நின்றுவிட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சும்மா கேட்கிறேன், நடுவில் அந்த அரிசி டிரம் சமாசாரம் வந்தபோது, "இதை இவன் எதுக்கு வச்சிருக்கான், எடுத்துவிட்டு நேரா வண்டிக்கு வந்திருக்கலாமே" என்று உங்களுக்குத் தோன்றியதா? தோன்றவில்லையென்றால் சந்தோஷம். தோன்றியிருந்தால், எதற்கும் நாளைக் காலை சமையலறைக்குள் போய்ப் பாருங்கள். குக்கர் மூடியில் குங்குமப் பொட்டு இருந்தால், உங்களுக்கு முன்னாலேயே உங்கள் வீட்டில் இதைப் படித்துவிட்டார்கள்.